வாப்பாவின் எழுத்து எங்கே போயிற்று?



உங்கள் வீட்டு அலமாரியில், பழைய ரசீதுகளுக்கும் ரேஷன் அட்டைக்கும் இடையே, ஒரு குறுந்தகடோ நெகிழ்வட்டோ கிடக்கக்கூடும். "முக்கியமானது, பத்திரம்" என்று அதன்மீது யாரேனும் எழுதியும் வைத்திருக்கலாம். அதனுள் இருப்பதை இன்று உங்களால் படிக்க இயலுமா? இந்தக் கேள்வியை நான் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

என் தந்தையார் தம் வாழ்வின் பிற்பகுதியில் குடும்ப வரலாறு ஒன்றை எழுதி வந்தார்கள். எங்கள் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எவர் எந்தத் தொழில் செய்தார்கள், எந்தக் கிணற்றை யார் தோண்டினார்கள், யாருக்கு யார் பெண் கொடுத்தார்கள் என்பன போன்ற செய்திகள் அதில் இடம் பெற்றிருந்தன. 2001-ஆம் ஆண்டில் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கடைத்தெருவிலிருந்த கணிப்பொறி நிலையம் ஒன்றில் கொடுத்துத் தட்டச்சு செய்து, ஒரு படி அச்செடுத்து, ஒரு குறுந்தகட்டிலும் பதிந்து வாங்கி வந்தார்கள். 2004-ல் வாப்பா காலமானார்கள். நோட்டுப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. வீடு மாற்றியபோது அச்சுப்படியும் தொலைந்தது. "குறுந்தகடுதான் இருக்கிறதே" என்ற தைரியத்தில் நாங்கள் எவரும் அதைப் பெரிதாகத் தேடவில்லை.

2022-ல் என் மகள் பள்ளிக்கூடத்துக்காகக் குடும்ப மரம் ஒன்று வரைய வேண்டியிருந்தது. குறுந்தகட்டைத் தேடி எடுத்துக் கணிப்பொறியில் இட்டோம். நல்ல வேளையாக அது கெட்டுப்போகவில்லை. கோப்பும் திறந்தது. ஆனால் திரையில் தோன்றியது தமிழ் அன்று. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் தாறுமாறாகக் கலந்த அறுபது பக்கங்கள்!

"வாப்புச்சா எந்த மொழியில் எழுதியிருக்கிறார்கள்?" என்று என் மகள் கேட்டாள். எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. தமிழைத் தவிர வேறு மொழியில் ஒரு கடிதம்கூட எழுதியறியாத மனிதரின் அறுபது பக்கங்கள் எங்கள் கண்ணெதிரே இருந்தும் இல்லாமற் போயின.

இஃது எப்படி நேர்ந்தது? இதற்கு விடை தேடப் புகுந்தபோது, கடந்த முப்பது ஆண்டுகளில் தமிழ் எழுத்து கணிப்பொறித் திரையை அடைந்த கதையே விரிந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எழுத்து அன்று, எண்

கணிப்பொறிக்கு எழுத்து என்று ஒன்று தெரியாது. அதற்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. நாம் ஒரு விசையை அழுத்தினால் கணிப்பொறி ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. அந்த எண்ணைத் திரையில் காட்ட வேண்டிய வேளையில், "இந்த எண்ணுக்கு உரிய வடிவம் எது?" என்று எழுத்துருவைக் கேட்கிறது. எழுத்துரு என்பது எழுத்துகளின் படங்களை வரிசையாக அடுக்கி வைத்த ஒரு பெட்டி. அப்பெட்டியில் எந்த அறையில் எந்தப் படம் இருக்கிறதோ, அதுவே நம் கண்ணுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் 1960-களில் வகுக்கப்பட்ட ஒரு குறியீட்டு முறையில் மொத்தம் 128 இடங்களே இருந்தன. ஆங்கிலத்தின் சிறிய, பெரிய எழுத்துகளும், எண்களும், நிறுத்தற் குறிகளும், கணிப்பொறிக்கான சில கட்டளைகளும் அவற்றில் அடங்கிவிட்டன. ஆங்கிலத்துக்கு அது போதுமானதாயிருந்தது. பின்னர் அவ்விடங்கள் 256 ஆகப் பெருகின. ஆனால் நம் தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகள் உள்ளன. வடமொழி எழுத்துகள் இவற்றுக்கு மேல். நமக்கென்று அங்கே எவரும் இடம் ஒதுக்கி வைத்திருக்கவில்லை.

ஆகவே தமிழன்பர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். ஆங்கில எழுத்துகளுக்குரிய அறைகளிலிருந்த படங்களை எடுத்துவிட்டு, அங்கே தமிழ் வடிவங்களை வைத்தார்கள். கணிப்பொறி ஆங்கிலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். நம் கண்ணுக்கோ தமிழ் தெரியும். எடுத்துக்காட்டாக, பரவலாகப் புழங்கிய பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்ற சொல்லை எழுத, ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு விசைகளையும் அரைப்புள்ளியையும் அழுத்த வேண்டும். கோப்பில் பதிவாவது 106, 107, 112, 111, 59 என்ற ஐந்து எண்களே. பாமினி உள்ள கணிப்பொறி அவற்றைத் "தமிழ்" என்று காட்டும். அஃது இல்லாத கணிப்பொறி அந்த ஆங்கில எழுத்துகளையே காட்டும். அதன்மேல் குற்றமில்லை, அதற்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

வீட்டுக்கு ஒரு நெடுங்கணக்கு

இந்த உபாயத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. எந்த அறையில் எந்தத் தமிழ் எழுத்தை வைப்பது என்பதை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி முடிவு செய்தார்கள். ஒருவர் "க" வைத்த இடத்தில் மற்றொருவர் "ம" வைத்தார். ஒரு பத்திரிகையின் இணையப் பக்கத்தைப் படிக்க ஓர் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த பத்திரிகைக்கு வேறோர் எழுத்துரு. வளைகுடாவிலிருந்து மகன் தமிழில் மின்னஞ்சல் அனுப்பினால், அவன் பயன்படுத்திய எழுத்துரு இங்கே இல்லாதவரை உம்மாவால் அதைப் படிக்க இயலாது. ஒரே ஊரில் வீட்டுக்கு வீடு வேறு வேறு அரிச்சுவடி வழங்கினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

அக்காலத்தின் வேகத்தையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். வைய விரிவு வலை பற்றிய தம் திட்டத்தை டிம் பெர்னர்ஸ் லீ ஜெனீவா நகரையடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் முன்வைத்தது 1989-ல். அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அந்த ஆய்வுக்கூடம் அறிவித்தது 1993 ஏப்ரல் 30 அன்று. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கப்பட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அதே 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் உழைப்பால் தமிழ்க் கவிதைகள் இணையப் பக்கத்தில் ஏறிவிட்டன. மலேசியாவில் முத்து நெடுமாறன் "முரசு அஞ்சல்" என்னும் செயலியை வளர்த்தெடுத்தார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியில் 1998 பொங்கலன்று, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. சாலை போடப்படுவதற்கு முன்பே தமிழர்கள் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். ஆளுக்கொரு பாதை அமைந்ததில் வியப்பென்ன?

இப்பாதைகளை ஒன்றாக்க வேண்டும் என்ற கவலையோடு 1999 பிப்ரவரியில் சென்னையில் "தமிழ்நெட் 99" மாநாடு கூடியது. "தமிழ் 99" என்ற விசைப்பலகை அமைப்பும், "டாம்", "டாப்" என்னும் குறியீட்டு முறைகளும் அதன் பயனாக வெளிவந்தன. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கலந்து பேசி உருவாக்கிய "திஸ்கி" என்னும் முறையும் அந்நாளில் பரவியது. நோக்கம் நல்லதே. ஆனால் ஒன்றாக வேண்டியது மூன்றாக நின்றது. என் வாப்பாவின் கோப்பு பிறந்தது இத்தகைய ஒரு காலகட்டத்தில்தான்.

உலகுக்கு ஒரே பதிவேடு

இதற்கிடையில் உலக அளவில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. உலகிலுள்ள எல்லா மொழிகளின் எழுத்துகளையும் ஒரே பதிவேட்டில் எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் வேறெந்த எழுத்துக்கும் இல்லாத தனி எண் கொடுத்துவிடுவது என்பதே அம்முயற்சி. யூனிகோடு என்றும் ஒருங்குறி என்றும் அதனை அழைக்கிறோம். 1991 அக்டோபரில் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றது. 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் தமிழுக்கென ஒதுக்கப்பட்டன.

இப்போது "தமிழ்" என்று எழுதினால் கோப்பில் பதிவாகும் எண்கள் இவை: 2980, 2990, 3007, 2996, 3021. முறையே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. கீழக்கரையில் எழுதினாலும் கோலாலம்பூரில் எழுதினாலும், எந்தக் கைப்பேசியில் எழுதினாலும் இந்த எண்களே பதிவாகும். இவை வேறெந்த மொழிக்கும் உரியவை அல்ல. எழுத்துருவை மாற்றினால் எழுத்தின் அழகு மாறுமேயன்றி, எழுத்து மாறாது.

நம் இல்லங்களுக்கு இதில் வேறொரு நன்மையும் உண்டு. நம் நூல்களில் தமிழ் வரிகளுக்கிடையே அரபு வரிகள் வருவது வழக்கம். அந்நாளில் அரபு வரியைத் தனியே எழுதி, வெட்டி, பக்கத்தில் ஒட்டிப் படமெடுத்து அச்சிடுவதை அச்சகங்களில் நானே பார்த்திருக்கிறேன். ஒருங்குறிப் பதிவேட்டில் அரபு எழுத்துகள் 1536-ஆம் இடத்திலிருந்து தொடங்குகின்றன. அலிஃபின் எண் 1575. பே என்னும் எழுத்தின் எண் 1576. அரபு எழுத்து ஒரு சொல்லின் முதலில் ஒரு வடிவமும், இடையில் ஒரு வடிவமும், இறுதியில் வேறு வடிவமும் கொள்ளும். ஆயினும் பதிவேட்டில் அதற்கு ஒரே எண்தான். இடத்துக்கேற்ற வடிவத்தை எழுத்துரு தேர்ந்துகொள்ளும். வலமிருந்து இடமாகச் செல்லும் அரபும், இடமிருந்து வலமாகச் செல்லும் தமிழும் ஒரே வரியில் முட்டிக்கொள்ளாமல் அமர்வதற்கும் அதில் விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. அன்று கத்தரிக்கோலும் பசையும் கொண்டு செய்த வேலையை இன்று கைப்பேசியில் ஒரு சிறுமி செய்துவிடுகிறாள்.

ஒருங்குறியில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. 216 உயிர்மெய்களுக்கும் தனித்தனி இடம் தரப்படவில்லையே என்ற மனக்குறை தமிழறிஞர் பலருக்கு உண்டு. உயிர்மெய்களுக்கும் இடந்தரும் வேறொரு 16 துணுக்குக் குறியீட்டு முறையும் உருவாக்கப்பட்டது. 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியையும், ஒருங்குறி இயங்காத இடங்களில் அந்த 16 துணுக்கு முறையையும் தரமாக அறிவித்தது. 2019-ல் வெளியான ஒருங்குறியின் 12-ஆம் பதிப்பில், நம் பழைய கணக்குப் புத்தகங்களில் காணப்படும் மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளும் பிற அடையாளங்களுமாக 51 குறியீடுகள் சேர்க்கப்பட்டன. பாட்டனாரின் கடைக் கணக்கைக்கூட இன்று உள்ளது உள்ளபடி கணிப்பொறியில் எழுதலாம்.

அதிராம்பட்டினத்துத் தேனீ

ஒருங்குறி பதிவேட்டில் ஏறிவிட்டதனால் மட்டும் அது மக்கள் கைக்கு வந்துவிடவில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 2000-லிருந்துதான் ஒருங்குறித் தமிழ் இடம் பெற்றது. ஆனால் நம் ஊர்களின் உலாவு மையங்களிலும் வீடுகளிலும் அதன் பிறகும் பல ஆண்டுகள் ஓடியவை விண்டோஸ் 98 பொறிகளே. ஒருங்குறியில் எழுதப்பட்ட பக்கம் அவற்றில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. படிப்போர் இல்லாததால் எழுதுவோர் தயங்கினர். எழுதுவோர் தயங்கியதால் படிப்போர் பெருகவில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்கப் பாடுபட்டவர்களுள் ஒருவர் நம் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த மர்ஹூம் உமர்தம்பி அவர்கள். 1953-ல் பிறந்த அவர் துபாயில் மின்னணுத் துறையில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். எழுத்துருவை இணையப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பிவிடும் "இயங்கு எழுத்துரு" என்னும் முறை அப்போது இருந்தது. படிப்பவர் தம் கணிப்பொறியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. பக்கம் திறக்கும்போதே எழுத்துருவும் உடன் வந்து சேரும். விருந்தாளி தம் தட்டையும் தாமே கொண்டு வருவதைப்போல! உமர்தம்பி அவர்கள் "தேனீ" என்ற பெயரில் ஒருங்குறி எழுத்துருக்களை உருவாக்கி, அவற்றை இம்முறையில் பயன்படுமாறு செய்தார். ஒலியியல் முறையில் தமிழைத் தட்டச்சிட உதவும் ஒருங்குறி எழுதியையும், பழைய குறியீடுகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளையும் உருவாக்கி, அனைத்தையும் இலவசமாகவே வழங்கினார். 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழில் எழுதத் தொடங்கிய எத்தனையோ பேரின் பக்கங்களில் அந்தத் தேனீ மொய்த்துக்கொண்டிருந்தது.

2006 ஜூலையில் அவர் காலமானார். 2010-ல் கோவையில் செம்மொழி மாநாட்டோடு இணைந்து நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்கத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? கட்டடம் கட்டியவர்களை நினைவுகூர்கிறோம். பாலம் போட்டவர்களையும் நினைவுகூர வேண்டாமா?

கோப்பு திறந்தது

வாப்பாவின் கோப்புக்கு மீண்டும் வருவோம். என் ராத்தாவின் மகன் கணிப்பொறித் துறையில் பணிபுரிகிறான். அவனிடம் சொன்னேன். "மாமா, இது பழைய எழுத்துருக் குறியீடு. மாற்றி எடுத்துவிடலாம். எந்த எழுத்துரு என்பது மட்டும் தெரிய வேண்டும்" என்றான். அதுவே பெரும் பாடாயிற்று. அந்தக் கணிப்பொறி நிலையம் இருந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகச் சில எழுத்துருக்களுக்குரிய மாற்றிகளை முயன்று பார்த்தான். நான்காவது முயற்சியில் திரையில் முதல் வரி தமிழாக மலர்ந்தது. என் உம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து அணிந்துகொண்டு அருகில் வந்து அமர்ந்தார்கள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. வாப்பா ஆங்கிலத்தில் எழுதியிருந்த சில முகவரிகளையும் மாற்றி தமிழென்று கருதிப் பொருளற்ற சொற்களாக்கியிருந்தது. கொம்பு எழுத்துகள் சில இடம் மாறியிருந்தன. மூன்று இரவுகள் நானும் என் மகளும் அமர்ந்து வரிவரியாகத் திருத்தினோம். நாற்பத்து ஏழாம் பக்கத்தில் ஒரு செய்தி இருந்தது.

1976-ல் வாப்பா வளைகுடாவுக்குப் புறப்பட்டபோது பயணச் செலவுக்குப் பணம் போதவில்லை. எங்கள் தெருக்கோடியில் இட்டிலிக் கடை வைத்திருந்த ஒரு மூதாட்டி தம் மூன்று பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. இரண்டாண்டு கழித்து வாப்பா ஊர் திரும்பியபோது அந்த அம்மையார் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. இதை எழுதிவிட்டு வாப்பா ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: நான் தேடிக் காணாவிட்டால் என் பிள்ளைகள் தேடிக் கொடுக்க வேண்டும்.

உம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "பதினெட்டு வருஷமாக இந்தக் கடன் நம் தலையில் இருந்திருக்கிறது. நாம் அறியாமலே இருந்திருக்கிறோம்" என்றார்கள்.

தேடினோம். பழைய தெருவாசிகளை விசாரித்தோம். ஐந்து மாதங்களுக்குப் பிறகு, அறுபது கல் தொலைவிலுள்ள ஓர் ஊரில் அந்த அம்மையாரின் பேத்தியைக் கண்டோம். பாட்டி காலமாகி நெடுங்காலமாயிற்று. பேத்தி முதலில் வாங்க மறுத்தார். "என் பாட்டி கொடுத்ததே எனக்குத் தெரியாதே" என்றார். "கொடுத்தவர் சொல்லவில்லை, வாங்கியவர் எழுதி வைத்திருக்கிறார்" என்று சொல்லி, திருத்தி அச்சிட்ட அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டினோம். 1976-ன் விலைக்குப் பணமாகக் கொடுப்பது முறையாகாது என்று உம்மா உறுதியாகச் சொல்லிவிட்டதால், பவுனாக வாங்கியதைப் பவுனாகவே, இருபத்து நான்கு கிராம் தங்கமாகவே கொடுத்தோம். அந்தப் பக்கத்தையும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஐந்து எண்கள் எந்தப் பெட்டியில் எந்த வரிசையில் அடுக்கப்பட்டன என்பது வெறும் தொழில்நுட்பச் செய்தி என்றே முன்பெல்லாம் நினைத்திருந்தேன். அதன் பின்னே ஒரு மனிதரின் வாக்குறுதி மறைந்து கிடக்கக்கூடும் என்பதை அன்று உணர்ந்தேன்.

நாம் செய்ய வேண்டியவை

வாசகர்களே! இதை எங்கள் குடும்பக் கதையாக மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் இல்லத்திலும், மஹல்லாவிலும், பள்ளிக்கூடத்திலும் செய்யத்தக்க சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவதாக, பழைய கோப்புகளைத் தேடி எடுங்கள். ஜமாஅத் பதிவேடுகள், திருமணப் பதிவுகள், மலர்களின் கட்டுரைகள், பெரியவர்களின் குறிப்புகள் எனப் பலவும் 1990-களிலும் 2000-களிலும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவையாக இருக்கலாம். திரையில் தமிழாகத் தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள். சில வரிகளை நகலெடுத்து ஒரு குறுஞ்செய்தியில் ஒட்டிப் பாருங்கள். அங்கும் தமிழாக இருந்தால் அது பெரும்பாலும் ஒருங்குறியே. ஆங்கிலக் குப்பையாக மாறினால் உடனே மாற்றி வையுங்கள். எழுத்துருவின் பெயர் அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.

இரண்டாவதாக, எதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். குறுந்தகடும் கெடும், கைப்பேசியும் தொலையும். இரண்டு படிகள் இரண்டு வீடுகளில் இருக்கட்டும். ஒரு படி தாளிலும் இருக்கட்டும். கரையானுக்குத் தாள் தெரியும், கணிப்பொறி தெரியாது. மின்தடைக்குக் கணிப்பொறி தெரியும், தாள் தெரியாது.

மூன்றாவதாக, பிறருடைய தளத்தில் ஏற்றி வைத்ததைச் சொந்த வீடென்று எண்ணாதீர்கள்; அது வாடகை வீடு. இலட்சக்கணக்கானோர் தம் பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் நின்றது. உரிமையாளர் விளக்கை அணைத்தால் குடியிருந்தவர் வெளியேற வேண்டியதுதான். அங்குள்ள படங்களுக்கும் எழுத்துகளுக்கும் உங்களிடம் ஒரு படி இருக்கிறதா? கடவுச் சொற்களை உங்களுக்குப் பின் அறிந்துகொள்ள வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு வழி செய்திருக்கிறீர்களா?

நான்காவதாக, எழுத்தை எழுத்தாகவே வெளியிடுங்கள். இன்று நம் சங்கங்களும் ஜமாஅத்துகளும் அறிவிப்புகளை வண்ண வண்ணப் படமாக்கிப் புலனம் வழியே அனுப்புகின்றன. பார்வைக்கு அழகுதான். ஆனால் கண்பார்வையற்ற சகோதரர் ஒருவரின் கைப்பேசி, எழுத்தாக வந்ததை வாய்விட்டுப் படித்துக் காட்டும். படத்துக்குள் சிறைப்பட்ட எழுத்தை அவ்வாறு படிப்பது அதற்கு எளிதன்று. ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் படத்திலுள்ள பெயர் தேடலில் சிக்குவது அரிது. படம் அனுப்புங்கள், அதன் கீழே அதே செய்தியை எழுத்திலும் அனுப்புங்கள். கூடுதலாக ஆவது இரண்டு நிமிடம்.

ஐந்தாவதாக, இணையப் பக்கம் அமைக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்தை அமைத்து முடித்ததும் முதலில் உங்கள் பாட்டியிடம் காட்டுங்கள். அவர்களால் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999 முதலே, எல்லாருக்கும் எட்டும்படி பக்கம் அமைப்பதற்கான நெறிகளை வெளியிட்டு வருகிறது. 2008-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, எழுத்தின் நிறத்துக்கும் பின்னணியின் நிறத்துக்கும் இடையே குறைந்தது நாலரைக்கு ஒன்று என்ற அளவில் வேறுபாடு வேண்டும் என்றும், எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கினாலும் பக்கம் குலையக் கூடாது என்றும் கூறுகிறது. வெளிர் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக எழுதுவது நாகரிகமாகத் தோன்றலாம். ஆனால் விருந்துக்கு அழைத்துவிட்டு வாசற்படியை ஆளுயரத்துக்குக் கட்டி வைப்பதை எவரும் நாகரிகம் என்று சொல்லமாட்டார்கள்.

இறுதியாக ஒன்று

இன்று கைப்பேசியிடம் தமிழில் பேசினால் அது எழுதுகிறது. அச்சிட்ட பக்கத்தைப் படமெடுத்துக் காட்டினால் எழுத்துகளைப் பிரித்தெடுக்கிறது. தமிழில் கேள்வி கேட்டால் மறுமொழி தருகிறது. இவை யாவும் நம் மொழி ஒரே குறியீட்டில், தேடக்கூடிய எழுத்தாக இணையத்தில் குவிந்திருப்பதனால் விளைந்த நன்மைகள். எங்கே எழுத்து குவிந்திருக்கிறதோ அங்கிருந்தே இக்கருவிகள் கற்றுக்கொள்கின்றன. நம் இல்லங்களின் வழக்குச் சொற்களும், நம் ஊர்களின் வரலாறும், நம் பெரியவர்களின் அனுபவமும் அலமாரிக்குள்ளேயே மட்கிப் போனால், நாளைய பிள்ளைகள் நம்மைப் பற்றிக் கேட்கும்போது அக்கருவிகளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

ஆகவே இந்த இதழைக் கீழே வைத்தவுடன் அலமாரியைத் திறந்து பாருங்கள். "முக்கியமானது, பத்திரம்" என்று எழுதிய ஏதேனும் இருந்தால் இன்றே எடுத்து வெளியில் வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அது என்ன, யார் எழுதியது, எங்கே தட்டச்சு செய்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருப்பது ஒரு சமையற் குறிப்பாக இருக்கலாம். ஒரு நிலத்தின் எல்லையாக இருக்கலாம். எங்களுக்கு நேர்ந்ததுபோல் கொடுக்கப்படாத ஒரு கடனாகவும் இருக்கலாம். படித்தால்தானே தெரியும்?